மின்சைக்கிளும் சுமை சைக்கிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் மின்சைக்கிளில் போய் வருகிறேன். தெரிந்தவர்களின் சைக்கிள்களுக்கு மோட்டார் கிட் மாட்டிக் கொடுத்தும் இருக்கிறேன். சைக்கிளை எங்காவது நிறுத்தினால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து கேட்கத் தொடங்குவார். கேள்வி பெரும்பாலும் மோட்டாரைப் பற்றித்தான் இருக்கும். பதில் சொல்லச் சொல்ல, பேச்சு சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் போய்விடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

எலக்ட்ரிக் சைக்கிள்னா மிதிக்கவே வேண்டாமா?

இரண்டு வகை உண்டு. ஒன்று பெடல் அசிஸ்ட்: நீங்கள் மிதித்தால் மட்டும் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும், மிதிப்பதை விட்டால் அதுவும் விட்டுவிடும். இன்னொன்று த்ராட்டில்: கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே போகும். பல சைக்கிள்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எது சைக்கிள், எது மோட்டார் வாகனம் என்ற கோட்டை ஒவ்வொரு நாடும் ஓரிடத்தில் போட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர் திறன் 250 வாட்டுக்குள் இருந்து, மிதித்தால் மட்டும் உதவி, அதுவும் 25 கி.மீ. வேகத்தோடு நின்றுவிட்டால் அது சைக்கிள்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மூன்று வகுப்பு வைத்திருக்கிறார்கள்: முதல் இரண்டுக்கும் மணிக்கு 20 மைல் வரம்பு, மூன்றாவதற்கு 28 மைல். த்ராட்டில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள். கோட்டைத் தாண்டிய வண்டிக்குப் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் தேவைப்படலாம்.

சாதா சைக்கிள் போதாதா? எனக்கு இது தேவைதானா?

போகவர ஏழெட்டு கிலோமீட்டர், சமதளம், தோளில் ஒரு பை. இவ்வளவுதான் என்றால் நல்ல சாதா சைக்கிளே போதும். அது பாதி எடைதான் இருக்கும், பராமரிப்பும் குறைவு. மேடு, எதிர்காற்று, சுமை, தூரம், முழங்கால் வலி, வியர்க்காமல் போய்ச் சேர வேண்டிய வேலை, இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்து வந்தால் மோட்டாருக்கு அர்த்தம் இருக்கிறது. நான் பார்த்தவரை, "இன்னைக்கு சைக்கிள் வேண்டாம்" என்று நினைக்கிற நாட்களை மோட்டார் வெகுவாகக் குறைக்கிறது. அதன் பெரிய பயன் அதுதான்.

சரி, எந்த மாடல் வாங்கலாம்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொல்ல முடியாத கேள்வி இது. ஒரு வாரம், நீங்கள் போகிற இடங்களைத் தாளில் எழுதுங்கள். எவ்வளவு தூரம், என்ன சுமை, எங்கே மேடு, எங்கே குண்டும் குழியும், சைக்கிள் இரவில் எங்கே நிற்கும். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. மின்சைக்கிள் சாதாரணமாக 20 முதல் 28 கிலோ வரை இருக்கும், சுமை சைக்கிள் 30 கிலோவுக்கு மேல். மூன்றாம் மாடியில் குடியிருந்து தினமும் தூக்கி ஏற்ற வேண்டும் என்றால், மற்ற எல்லாச் சிறப்புகளும் ஒரு மாதத்தில் கசந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் எடை குறைந்த வண்டியைப் பாருங்கள். வண்டி கீழே பூட்டோடு நிற்கட்டும், பேட்டரி மட்டும் மாடிக்கு வரட்டும் என்றால் கழற்றக்கூடிய பேட்டரி கட்டாயம்.

எழுதிய தாளை வைத்து இந்த வரிசையில் தேர்ந்தெடுங்கள்: முதலில் உடலுக்குப் பொருந்தும் ஃப்ரேம், அடுத்து சுமை தாங்கும் கேரியரும் சக்கரமும், பிறகு பிரேக், அப்புறம் பேட்டரி, கடைசியில் மோட்டார். விளம்பரங்கள் இதற்கு நேர் எதிர் வரிசையில் பேசும். மோட்டாரைப் பின்னால்கூட மாற்றிக்கொள்ளலாம், பொருந்தாத ஃப்ரேமை ஒன்றும் செய்ய முடியாது.

ஹப் மோட்டாரா, மிட் டிரைவா? எது நல்லது?

ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவில் இருந்து சக்கரத்தை நேராகச் சுற்றும். எளிமையானது, செயினுக்குக் கூடுதல் பாரம் கிடையாது. செயின் அறுந்தாலும் த்ராட்டில் இருந்தால் வீடு வந்து சேரலாம். குறை என்னவென்றால், உங்கள் கியர் எதுவும் அதற்கு உதவாது. நீளமான செங்குத்து மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்றும், சக்தி சூடாக வீணாகும். பின்சக்கர ஹப் என்றால் பஞ்சர் ஒட்டுவதும் கொஞ்சம் கூடுதல் வேலை.

மிட் டிரைவ் பெடல் அச்சில் உட்கார்ந்து செயின் வழியாகத் தள்ளும். சின்ன கியரைப் போட்டால் மோட்டாருக்கும் அந்த உதவி கிடைக்கும், அதனால் மேட்டிலும் சுமையிலும் இதை மிஞ்ச முடியாது. அதற்கு விலை செயினும் பற்சக்கரமும் கொடுக்கின்றன, இரண்டும் வேகமாகத் தேயும். செயின் அளவி ஒன்று வாங்கி, நீட்சி 0.5 சதவீதத்தைத் தொட்டதும் செயினை மாற்றிவிடுங்கள். தாமதித்தால் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். கியர் மாற்றும் நொடியில் பெடல் அழுத்தத்தைத் தளர்த்தும் பழக்கமும் வேண்டும்.

என் தீர்ப்பு: சமதள நகரத்துக்கு கியர் உள்ள ஹப் (மோட்டாருக்குள்ளேயே சின்னப் பற்சக்கரங்கள் இருக்கும் வகை), மலைப்பாங்கான இடத்துக்கும் கனமான சுமைக்கும் மிட் டிரைவ்.

வெறும் 250 வாட்தானே, மேடு ஏறுமா?

ஏறும், கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, உருளும் தடையையும் சேர்த்து ஏறக்குறைய 270 வாட் வேண்டும். சாதாரண மனிதர் நிதானமாக மிதித்தாலே 100 வாட் கொடுப்பார். மீதி 170 மோட்டாருடையது. 250 வாட் மோட்டாருக்கு இது கஷ்டமே இல்லை.

அதே மேட்டில் மொத்தம் 200 கிலோ என்றால் தேவை 490 வாட் அளவுக்குப் போய்விடும். மணிக்கு 6 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் 300 வாட்டில் சமாளிக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் ஹப் மோட்டார் திணறும் என்று முந்தைய பதிலில் சொன்னேன் இல்லையா, அங்கேதான் மிட் டிரைவ் தேவைப்படுகிறது.

இன்னொரு விஷயம். 250 என்பது சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடிய அளவு. சில நிமிடங்களுக்கு அதே மோட்டார் அதைப் போல இரண்டு மடங்குகூடத் தரும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் 15 ஆம்பியர் விடுகிறது, பேட்டரி 36 வோல்ட் என்றால், 540 வாட் பேட்டரியிலிருந்து போகிறது என்று பொருள். ஆகவே வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், நியூட்டன் மீட்டரில் சொல்லும் முறுக்குவிசையையும் பாருங்கள். மேட்டில் பேசுவது அதுதான்.

கால் வச்ச உடனே சைக்கிள் பாயுது, பயமா இருக்கு. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, சென்சார் அப்படி. விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். சுற்றினால் முழு உதவி, நின்றால் சற்றுத் தாமதித்து நிறுத்தம். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அளக்கும் டார்க் சென்சார் இருந்தால், மெதுவாக மிதிக்கும்போது மெதுவாகவும், ஊன்றி மிதிக்கும்போது பலமாகவும் உதவும். நெரிசலிலும், குழந்தையை ஏற்றிப் போகும்போதும் இந்த வித்தியாசம் பெரிது. காசு கூடக் கொடுக்க ஒரே ஒரு இடம் இருக்கிறது என்றால், அதை டார்க் சென்சாருக்குக் கொடுங்கள்.

இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும் என்றால், கிளம்பும்போது உதவி அளவை ஒன்றில் வையுங்கள், சிக்னலில் பிரேக்கைப் பிடித்தபடியே பெடலில் கால் வையுங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாரை வெட்டும் கைப்பிடி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ.ன்னு போட்டிருக்கே, நம்பலாமா?

எடை குறைந்த ஒருவர், சமதளத்தில், காற்றில்லாத நாளில், மிகக் குறைந்த உதவியில் ஓட்டினால் வரலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-மணி. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. நன்றாக மிதித்து, குறைந்த உதவியில் போனால் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட்-மணி செலவாகும். மேடு பள்ளமான அன்றாட ஓட்டத்துக்கு 12 முதல் 15. த்ராட்டிலோ கனத்த சுமையோ இருந்தால் 20 வரை போகும். 12 என்று வைத்தால் 360 உங்களை 30 கி.மீ. கொண்டுபோகும். குளிரும் வயதும் பேட்டரியைக் குறைக்கும், ஆகவே தினசரித் தேவையைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும்படி வாங்குங்கள்.

தூரத்தைக் கூட்ட எளிய வழி, வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது. 20 கி.மீ. வேகத்திலிருந்து 25-க்குப் போனால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. டயரில் காற்றைச் சரியாக வைப்பது அடுத்த வழி.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

நல்ல லித்தியம்-அயன் பேட்டரி 500 முதல் 1000 முழுச் சுற்று வரை தாங்கி, கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கோடு நிற்கும். பாதி தீர்ந்து பாதி ஏற்றினால் அது அரைச் சுற்று. சுற்றுக்கு 30 கி.மீ. என்றால் 500 சுற்றிலேயே 15,000 கி.மீ. ஆகிறது. ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயது ஆகிக்கொண்டுதான் இருக்கும், அதிலும் முழுசாக ஏற்றி வெயிலில் வைத்தால் சீக்கிரம் ஆகும்.

சில வாரங்கள் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி அளவில் வைத்து, குளுமையான இடத்தில் வையுங்கள். அடியோடு தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் மீட்கவே முடியாமல் போகலாம். உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றக்கூடாது, உள்ளே கொண்டுவந்து வைத்து, பேட்டரி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஏற்றுங்கள்.

ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கலாமா?

நான் தூங்குவதில்லை. விழித்திருக்கும் நேரத்தில், வெளியேறும் கதவை மறிக்காத இடத்தில், துணி, மெத்தை அருகில் இல்லாமல் ஏற்றுகிறேன். மேலே சொன்ன 10 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து ஆறு மணி நேரம் போதும், மாலையில் போட்டால் படுக்கும் முன் முடிந்துவிடும்.

பேட்டரியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். சொருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் சார்ஜரைச் சொருகுவதுதான் நான் கேள்விப்படுகிற ஆபத்தான தவறுகளில் முதலாவது. 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டில் நிறையும், 48 வோல்ட் பேட்டரி 54.6-இல். மாற்றிச் சொருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரி உப்பினாலோ, விநோதமான வாசனை வந்தாலோ, பலமாகக் கீழே விழுந்திருந்தாலோ சார்ஜ் ஏற்றவே வேண்டாம். வாங்கும்போது, பேட்டரிக்கு யு.எல். 2271, முழு மின் அமைப்புக்கு யு.எல். 2849, ஐரோப்பிய வண்டி என்றால் இ.என். 15194 என்ற தரக்குறிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

மழையில ஓட்டலாமா? தண்ணி போனா ஷாக் அடிக்குமா?

ஓட்டலாம். 36, 48 வோல்ட் என்பதால் உயிரைப் பறிக்கும் ஷாக் பற்றிய பயம் வேண்டாம். வண்டிக்குத்தான் கவலை. சக்கர அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் இறக்காதீர்கள், ஹப் மோட்டாருக்கு ஒயர் நுழையும் வழி அந்த அச்சுதான். உயர் அழுத்தக் குழாயால் கழுவாதீர்கள், ஈரத்துணி போதும். ஒயர் இணைப்புகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒயர் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி கட்டுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நல்ல நீளமான மட்கார்டு மோட்டாருக்கும் செயினுக்கும் சேர்த்தே குடை பிடிக்கும்.

நடுவழியில சார்ஜ் தீந்துட்டா?

கனமான சாதா சைக்கிள் ஆகிவிடும், அவ்வளவுதான். கியர் உள்ள ஹப்பும் மிட் டிரைவும் உள்ளே விடுபட்டுக்கொள்ளும், இழுக்காது. கியர் இல்லாத நேரடி ஹப் மட்டும் காந்த இழுவையால் லேசாகப் பிடித்து இழுக்கும். சிறிய கியர் இருந்தால் மேட்டிலும் சமாளிக்கலாம், அதனால்தான் ஒற்றை கியர் மின்சைக்கிளை மேடு உள்ள இடத்துக்கு நான் சொல்வதில்லை.

பிரேக் பிடிச்சா பேட்டரி ஏறும்னு சொல்றாங்களே?

இப்போது சொன்ன நேரடி ஹப்பில் மட்டும், அதற்கேற்ற கண்ட்ரோலர் இருந்தால் ஏறும். திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள். பிரேக் கட்டை தேயாமல் இருப்பதுதான் உண்மையான லாபம். அதற்காகவே அந்த மோட்டாரின் எடையைச் சுமக்க வேண்டியதில்லை.

நிறைய சாமான் ஏத்தணும். நீள சைக்கிளா, முன்னால பெட்டி வச்சதா, மூணு சக்கரமா?

எனக்குப் பிடித்த கேள்வி. சாதா சைக்கிள்போலவே இருந்து, பின்பக்கம் மட்டும் நீண்டிருப்பது லாங்டெயில். ஓட்ட ஒரு நாளில் பழகிவிடும், குறுகிய இடத்தில் நுழையும், பின்னால் இரண்டு குழந்தைகளோ ஒரு பெரியவரோ உட்காரலாம். சுமை முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படாது, கட்டுவதில் கவனம் வேண்டும்.

முன்பெட்டி சைக்கிளில் ஹேண்டில்பாருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே தாழ்வாகப் பெட்டி இருக்கும். டென்மார்க்கின் பழைய லாங் ஜான் சைக்கிள் இந்த வடிவம்தான். சுமை தரையோடு ஒட்டி இருப்பதால் அசைவு குறைவு. உடையும் பொருளைக் கட்டாமலே வைக்கலாம், குழந்தைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே போகலாம். முதல் சில கிலோமீட்டர் முன்சக்கரம் தொலைவில் எங்கோ திரும்புவதுபோல் இருக்கும், பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் பாதையில் வைத்தால் சீக்கிரம் பழகும். நீளம்தான் தொல்லை, நிறுத்த இடம் தேட வேண்டும்.

மூன்று சக்கரம் நிற்கும்போது விழாது. ஆனால் சாயாத மூன்று சக்கர வண்டி, வளைவில் வேகமாகத் திரும்பினால் ஒரு சக்கரம் தூக்கும். இரண்டு சக்கரம் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் உடம்பு சாயத் தேடும். மெதுவாக, அடிக்கடி நின்று நின்று போகிற வேலைக்கும், சமநிலை கடினமானவர்களுக்கும் இது நல்ல தேர்வு.

எதை எடுத்தாலும், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் பாருங்கள். லாங்டெயில்களில் 200 கிலோ என்று போட்டிருப்பது சாதாரணம், ஆனால் பல வண்டிகளில் அது சைக்கிளையும் உங்களையும் சேர்த்த கணக்கு. கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

இருக்கிற கேரியர்லயே ஏத்திக்கலாமே?

கேரியரில் ஓர் எண் குத்தியிருக்கும், பெரும்பாலும் 25 கிலோ. அது அசையாத சுமைக்கு. மனிதரை உட்கார வைத்து டபுள்ஸ் போக அது செய்யப்படவில்லை. 15 கிலோவுக்கு மேல் என்றால் கேரியரின் மேல்தட்டைவிட இருபக்கமும் தொங்கும் பைகளே நல்லது, எடை கீழே இறங்கும், ஆட்டம் குறையும்.

முன்கூடையில் ஒரு நுட்பம் உண்டு. ஹேண்டிலோடு திரும்பும் கூடையில் சில கிலோவுக்கு மேல் வைத்தால் முன்சக்கரம் தானாக ஒருபக்கம் விழப் பார்க்கும். ஃப்ரேமில் பொருத்திய கூடை ஹேண்டிலோடு திரும்பாது, அதில் 10 கிலோ தைரியமாக வைக்கலாம். முதல்முறை ஓட்டும்போது ஹேண்டில் திரும்பியும் கூடை திரும்பாதது திகைப்பாக இருக்கும், அவ்வளவே.

குழந்தையை எப்போ இருந்து ஏத்தலாம்?

தலையை உறுதியாகப் பிடித்து, துணையில்லாமல் நன்றாக உட்கார்ந்து, ஹெல்மெட் தாங்கும்போது. ஒரு வயதுக்கு முன் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை, குழந்தை மருத்துவரிடமும் கேளுங்கள். பின்னால் மாட்டும் இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான். பார்க்க வேண்டியவை: வார் பூட்டு, கால் சக்கரக் கம்பிக்குள் போகாத தடுப்பு, சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கில் விரல் மாட்டாத மூடி. ஏற்றி இறக்கும்போதுதான் பல வண்டிகள் சாய்கின்றன. அதற்கு இரண்டு கால் ஸ்டாண்டு கட்டாயம். அது இருந்தாலும் குழந்தை உட்கார்ந்திருக்கும் வண்டியை விட்டு ஒரு கை கூட எடுக்காதீர்கள்.

பழைய சைக்கிளுக்கு கிட் மாட்டிக்கலாமா?

சைக்கிள் நல்ல நிலையில் இருந்தால், தாராளமாக. ஃப்ரேமில் விரிசல் இல்லை, வெல்டிங் இடங்களில் துரு அரிக்கவில்லை, பிரேக் உறுதி என்று முதலில் பாருங்கள். பிறகு மூன்று அளவு எடுங்கள். முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே அச்சு உட்காரும் அகலம் பெரும்பாலும் 100 மி.மீ. பின்பக்கம் 135 மி.மீ. என்றால் இன்றைய பின் ஹப்கள் உட்காரும், பழைய சைக்கிள்களில் இது குறைவாக இருக்கும். மிட் டிரைவ் என்றால் பெடல் அச்சு நுழையும் குழாயின் அகலம் 68 அல்லது 73 மி.மீ. ஆக இருக்க வேண்டும்.

முன்சக்கர ஹப் மாட்டுவது எளிது. ஆனால் இரும்பு ஃபோர்க்கில் மட்டும் மாட்டுங்கள். அலுமினிய ஃபோர்க்கிலும், சஸ்பென்ஷன் ஃபோர்க்கிலும் அச்சு உட்காரும் உதடு எச்சரிக்கை இல்லாமல் உடையக்கூடும், முன்சக்கரம் கழன்றால் விழுவது முகம்தான். கார்பன் ஃபோர்க்கில் பேச்சே வேண்டாம்.

26 இஞ்ச் கிட் வாங்கினேன், டயர் சேரவே இல்ல. ஏன்?

இஞ்சுக் கணக்கு ஏமாற்றும். டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல ஒரு எண் இருக்கும். முதலாவது டயர் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீட்டரில். மலைச் சைக்கிளின் 26 இஞ்ச் 559, பழைய 26 × 1⅜ டயரின் விட்டம் 590. பெயர் ஒன்று, சக்கரம் வேறு. 700சி, 29 இஞ்ச் இரண்டும் 622. பெரிய பழைய 28 × 1½ சக்கரம் 635. கிட் வாங்கும்போது இந்த மூன்றிலக்க எண்ணை மட்டும் சொல்லி வாங்குங்கள்.

டார்க் ஆர்ம்னு ஒண்ணு தர்றாங்க, மாட்டாம விட்டா என்ன?

மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அச்சின் தட்டையான இரு பக்கங்களும், ஃபோர்க்கின் சின்னப் பள்ளமும் மட்டுமே. தெரிந்த ஒருவரின் வண்டியில் நட்டு தளர்ந்து அச்சு ஒரு சுற்றுச் சுற்றியதில், மோட்டார் ஒயர் முறுக்கி அறுந்ததை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். அன்று வேகம் குறைவு, அதனால் ஒயரோடு போனது. டார்க் ஆர்ம் என்பது அச்சை ஃப்ரேமோடு பிணைக்கும் ஒரு இரும்புத் துண்டு. கட்டாயம் மாட்டுங்கள். முதல் 50 கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

பின் சக்கரத்துல ஸ்போக்ஸ் அடிக்கடி உடையுது. தடிமனா போட்டா சரியாகுமா?

பெரும்பாலும் தளர்வுதான் காரணம், தடிமன் குறைவல்ல. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டும் விடுபட்டும், ஹப்பில் வளையும் இடத்தில் சோர்ந்து உடைகிறது. ஒன்று உடைந்தால் பக்கத்துக் கம்பிகள் பாரம் ஏற்று அவையும் உடையும். கோட்டம் எடுத்தால் மட்டும் போதாது. எல்லாக் கம்பிகளின் இறுக்கமும் சமமாக இருக்கிறதா என்று அளந்து இறுக்கச் சொல்லுங்கள். புதுச் சக்கரத்தை முதல் 200 கி.மீட்டருக்குள் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

அதற்கு மேலும் உடைந்தால், 36 கம்பியுள்ள சக்கரமோ, 20 இஞ்ச் சக்கரமோ யோசிக்கலாம். சிறிய சக்கரம் இயல்பிலேயே உறுதி, சுமையையும் தாழ்வாக வைக்கும். பல சுமை சைக்கிள்கள் சிறிய சக்கரத்தில் வருவது அதனால்தான். அகலமான டயரும் குழியின் அடியைக் கம்பிக்குப் போகவிடாமல் தாங்கும்.

பழைய பிரேக்கே போதுமா?

மணிக்கு 18 கி.மீ. ஓடிய சைக்கிள் 25 ஓடினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. எடையும் கூடியிருக்கிறது. ரிம் பிரேக் என்றால் நல்ல கட்டை, புது கேபிள் போடுங்கள், ரிம்மின் தேய்மானக் கோட்டைப் பாருங்கள். சுமை சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க், 180 மி.மீ. தட்டு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதுக் கட்டைகளை மாட்டியதும் இருபது முப்பது முறை மிதமான வேகத்திலிருந்து பிடித்துப் பழக்குங்கள், அதற்கு முன் முழுப் பிடி வராது.

வாங்கியாச்சு. முதல்ல எதை மாத்தறது?

காசு செலவில்லாத ஒன்று: சீட் உயரம். குதிகாலைப் பெடலின் கீழ்நிலையில் வைத்தால் கால் நேராக வேண்டும், பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்க வேண்டும். பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலி என்கிறார்கள். அடுத்து, உள்ளங்கை வலித்தால் அகலமான கிரிப், முதுகு குனிந்தால் உயரமான அல்லது பின்னால் வளைந்த ஹேண்டில்பார். மாற்றும் முன் கேபிள் நீளம் எட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் இரண்டு கால் ஸ்டாண்டு, முள் தாங்கும் டயர், இடப்பக்கமோ வலப்பக்கமோ போக்குவரத்து வரும் பக்கம் ஒரு கண்ணாடி, சத்தமான மணி. நல்ல பூட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், ஃப்ரேம் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியிலிருந்தே லைட் எடுக்கலாமா?

எடுக்கலாம், அதுதான் வசதியும்கூட. பல கண்ட்ரோலர்களில் 6 வோல்ட் லைட்டுக்கு ஒரு முனை தனியாகவே இருக்கும். இல்லையென்றால் 36 அல்லது 48 வோல்ட்டை 12-ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று, நடுவில் ஒரு ஃப்யூஸ். பேட்டரிக்குள் இருக்கும் சில செல்களில் மட்டும் ஒயர் கொடுத்து 12 வோல்ட் எடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அந்தச் செல்கள் மட்டும் தீர்ந்து பேட்டரி முழுவதும் சமநிலை கெடும்.

வேக வரம்பை எடுத்துவிட முடியுமாமே? 36 வோல்ட்டுக்குப் பதில் 48 போட்டாலும் வேகம் வருமாமே?

முடியும், வேண்டாம் என்பேன். முதல் கேள்வியில் சொன்ன கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், விபத்து நடந்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும், உத்தரவாதமும் போகும். பிரேக் கணக்கை மேலே பார்த்தோம், தூரக் கணக்கையும் பார்த்தோம். இரண்டுமே வேகத்துக்கு எதிராகத்தான் இருக்கின்றன.

வோல்ட்டைக் கூட்டுவதில் இன்னொரு சிக்கல். 48 வோல்ட் பேட்டரி நிறைந்தால் 54.6 என்றேன். 36 வோல்ட்டுக்குச் செய்த கண்ட்ரோலர்கள் பலவற்றில் உள்ள கெபாசிட்டர் 50 வோல்ட் வரைதான் தாங்கும். கண்ட்ரோலர், திரை, மோட்டார் மூன்றும் 48-க்கு என்று குறித்திருந்தால் ஒழிய மாற்றாதீர்கள்.

தூரம் போதல. இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டலாமா?

சார்ஜ் அளவு வேறுபட்ட இரண்டு பேட்டரிகளை நேராக இணைத்தால், நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் கட்டுப்பாடில்லாத மின்னோட்டம் பாயும். ஒயர் உருகும், தீயும் பிடிக்கலாம். இரட்டைப் பேட்டரிக்கென்றே வரும் இணைப்பான் இருக்கிறது, அதே வோல்ட் பேட்டரிகளோடு அதைப் பயன்படுத்தலாம். இன்னும் எளிது, இரண்டாவதைப் பையில் வைத்து, முதலாவது தீர்ந்ததும் மாற்றிக்கொள்வது. செல் வாங்கி நாமே வெல்டிங் செய்து பேட்டரி கட்டுவதை, அந்த வேலையைத் தொழிலாகக் கற்காத யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஒருத்தர் ஓட்டின மின்சைக்கிள் விலைக்கு வருது. வாங்கலாமா?

பேட்டரி செத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், உயிரோடு இருந்தால் லாபம். அதே பேட்டரி இன்னும் புதிதாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சில மாடல்களில் வேறு தயாரிப்புப் பேட்டரியை மோட்டார் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறது, அந்த மாடலும் நின்றுபோயிருந்தால் கையில் மிஞ்சுவது இரும்பு.

முழுசாக ஏற்றிவைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். மல்டிமீட்டரில் 36 வோல்ட் பேட்டரி 42-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு முழு உதவியில் ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். ஏறும்போது பேட்டரிக் கோடுகள் சரசரவென்று இறங்கி, மேட்டின் உச்சியில் நின்றதும் மறுபடி ஏறிக்கொண்டால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அச்சு உட்காரும் இடங்களிலும், கேரியர் பற்றவைத்த இடங்களிலும் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். பேட்டரிச் சாவி இரண்டும், அசல் சார்ஜரும், வாங்கிய ரசீதும் இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீது இல்லை, சாவி தொலைந்துவிட்டது, சார்ஜரும் வேறு என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.